மாக்கிங்ஜே - அந்த குண்டு யாரோடது?

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இந்தப் பதிவுல கடைசிப் பக்கம் வரைக்கும் எல்லாத்தையும் போட்டு உடைக்கப் போறேன். மாக்கிங்ஜே இன்னும் படிக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடுங்க. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது :-)

படிச்சு மறந்தவங்களுக்கு ஒரு சின்ன ரீகேப். சூசன் காலின்ஸ் எழுதின ஹங்கர் கேம்ஸ் 2008ல வந்தது, கேட்சிங் ஃபயர் 2009ல, மாக்கிங்ஜே 2010ல. காட்னிஸோட கதை இதோட முடிஞ்சிடுது (2020லயும் 2025லயும் வந்ததெல்லாம் முன்கதைங்க). பேனம்னு ஒரு நாடு. வருஷா வருஷம் 24 பசங்களை ஒரு அரங்கத்துல விட்டு, ஒருத்தர் மிஞ்சற வரைக்கும் கொன்னுக்க விட்டு, அதை டிவியில காட்டுவாங்க. தங்கச்சி ப்ரிம் பேரைக் கூப்பிட்டதும், அவளுக்குப் பதிலா அக்கா காட்னிஸ் போறா. மொத்தக் கதையும் அங்கதான் ஆரம்பிக்குது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2014ல மாக்கிங்ஜே முதல் பாகம் படமா வந்த சமயம், எனக்கு 17 வயசு. காட்னிஸுக்கும் அந்தப் புத்தகத்துல 17தான். முதல் ரெண்டு புத்தகத்தையும் ராத்திரியோட ராத்திரியா முடிச்சவன், மூணாவதுல செம கடுப்பாகிட்டேன். பாதி புத்தகம் ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடக்கறா. மீதி நேரம் 13-ஆம் மாவட்டத்துக்காரங்க எடுக்கற பிரச்சாரப் படத்துல நடிக்கறா. ஃபின்னிக் நாலு வரியில செத்துப் போறான். போர் முடியற நேரத்துல நம்ம கதாநாயகி தீக்காயத்தோட மயக்கத்துல இருக்கா. எல்லாத்துக்கும் மேல, யாரைக் காப்பாத்த இந்தக் கதையே ஆரம்பிச்சுதோ அந்த ப்ரிம் செத்துடறா. அப்போ எதுக்குய்யா இவ்வளவு தூரம் வந்தோம்னு புத்தகத்தைத் தூக்கிப் போட்டேன். நிறைய ரசிகர்களோட புலம்பலும் இதேதான்.

போன மாசம் மறுபடி படிச்சேன். இந்த தடவை என்னைத் தூங்க விடாம பண்ணினது காட்னிஸ் இல்லை, கேல்.

கேல் கெட்டவன் இல்லை. குடும்பத்துக்காக வேட்டையாடி, சுரங்கத்துல உழைச்சவன். அவனோட அப்பாவும் காட்னிஸோட அப்பாவும் ஒரே சுரங்க வெடிவிபத்துல செத்தவங்க. அப்படிப்பட்டவன்தான், எதிரியோட கோட்டையா இருக்கற ஒரு மலையைச் சரிய வச்சு, உள்ள இருக்கறவங்களை அப்படியே புதைச்சிடலாம்னு யோசனை சொல்றான். அப்புறம் பீட்டீயோட உட்கார்ந்து ஒரு குண்டுக்கு டிசைன் போடறான். முதல்ல ஒண்ணு வெடிக்கும். கொஞ்சம் பொறுத்து, அடிபட்டவங்களுக்கு உதவி செய்ய ஓடி வர்றவங்க மேல இன்னொண்ணு வெடிக்கும். காட்னிஸ் அதிர்ந்து போய்க் கேட்டா, எதிரி பண்றதைத்தானே நாமளும் பண்றோம்னு பதில்.

கடைசியில கேப்பிடல்ல, ஸ்னோ மாளிகைக்கு முன்னாடி அடைச்சு வச்சிருக்கற குழந்தைங்க மேல வெள்ளி பாராசூட்டுங்க வந்து விழுது. விளையாட்டுல பரிசு வந்து இறங்கற அதே பாராசூட். குழந்தைங்க ஆசையா கை நீட்டுது. சிலது வெடிக்குது. மருத்துவக் குழு ஓடி வருது, அதுல ப்ரிம். மீதியும் வெடிக்குது.

அது நான் பண்ணலன்னு ஸ்னோ சொல்றான். புரட்சித் தலைவி காயின் மேல கை காட்டறான். காட்னிஸ் கேல்கிட்டயே கேட்கறா, அது உன்னோட குண்டான்னு. தெரியலங்கறான். அவனுக்கு நிஜமாவே தெரியாது. புத்தகமும் நமக்குச் சொல்றதில்லை.

17 வயசுல இதை வேகமாத் தாண்டிட்டேன். இப்போ முடியல. ஏன்னா இடையில நான் ஆணி புடுங்கற ஆளாகிட்டேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி, அப்போ இருந்த கம்பெனில டேமேஜர் ஒரு ரிப்போர்ட் கேட்டாரு. யாரு எத்தனை டிக்கெட் முடிக்கறாங்க, எவ்வளவு நேரம் சிஸ்டம் சும்மா இருக்குன்னு. ரெண்டு நாள் வேலை. பச்சை, மஞ்சள், சிவப்புன்னு அழகா கலர் எல்லாம் போட்டுக் கொடுத்தேன். பாராட்டி மெயில் வந்தது. மூணு மாசம் கழிச்சு ஆட்குறைப்பு. பக்கத்து சீட் சீனியர் பேரும் அதுல இருந்தது. எனக்கு வேலை கத்துக் கொடுத்த மனுஷன். அந்த சமயம் அவரோட அம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்க, அவர் வரிசை முழுக்க சிவப்பு. என் ரிப்போர்ட்டைப் பார்த்துதான் எடுத்தாங்களான்னு கேட்டேன். பல விஷயம் பார்ப்போம்பான்னு பதில் வந்தது. இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

குண்டும் ரிப்போர்ட்டும் ஒண்ணுன்னு சொல்ல வரல. யாரும் சாகல, அவருக்கு வேற வேலையும் கிடைச்சிடுச்சு. ஆனா 'தெரியல'ங்கற அந்த ஒரு வார்த்தையோட கனம் எனக்குத் தெரியும்.

இதுக்காகத்தான் மாக்கிங்ஜேதான் மூணுலயும் பெஸ்ட்டுன்னு இப்போ சொல்றேன். காலின்ஸோட அப்பா அமெரிக்க விமானப்படையில இருந்தவர், வியட்நாம் போருக்குப் போனவர். போரை சினிமா மாதிரி முடிக்க அவங்க மறுத்துட்டாங்க. கேலை வில்லனாக்கி நம்மளைத் தப்பிக்க விடல, நிரபராதின்னும் சொல்லல. அவன் 2-ஆம் மாவட்டத்துல ஒரு நல்ல வேலைக்குப் போயிடறான், அவ்வளவுதான். அந்த 'நல்ல வேலை'தான் எனக்கு சுருக்குன்னு குத்துச்சு. கேல் கட்சியா பீட்டா கட்சியான்னு சண்டை போட்டவங்க (நானும்தான், ஹி ஹி) இதைக் கவனிக்கவே இல்லை.

கேப்பிடல் குழந்தைங்களை வச்சு கடைசியா ஒரு விளையாட்டு நடத்தலாமான்னு காயின் ஓட்டு கேட்கறா. காட்னிஸ் சரின்னு சொல்லிட்டு, ஸ்னோவைக் குறி வைக்க வேண்டிய அம்பை காயின் மேல விடறா. அந்த 'சரி' மனசாரச் சொன்னதா, நடிப்பான்னு இன்னும் வாதம் நடக்குது. காயினை நம்ப வைக்கச் சொன்ன பொய்யின்னுதான் நான் நினைக்கறேன்.

குறை இல்லாம இல்லை. சுரங்கப் பாதையில பல்லி மனுஷங்க துரத்தறதெல்லாம் வீடியோ கேம் மாதிரிதான் இருக்கு. அம்பு விட்டதுக்கு அப்புறம் கதை ரொம்ப அவசரமா ஓடுது.

அந்த சீனியர் அடுத்த வாரம் பையன் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டிருக்காரு. ரிப்போர்ட் எழுதினது நான்தான்னு அவருக்குத் தெரியாது. போனா சொல்லணும். இன்னும் முடிவு பண்ணல.

நீங்க இருந்தா சொல்லுவீங்களா?