அன்னையின் வளையல் அனைவர்க்கும்

ஆடிப்பூரத்தன்று அம்பாளுக்கு வளைகாப்பு. அன்னையின் திருமேனியை அலங்கரித்த வளையல்கள் பின்னர்ப் பெண்களுக்குப் பிரசாதமாக வழங்கப்படுகின்றன. பெரியாச்சி அம்மன் சந்நிதிக்குப் பச்சிளங்குழந்தையை ஏந்தி வரும் தாயையும், தைப்பூசத்தில் கரும்புத் தொட்டில் சுமந்து பத்துமலையின் 272 படிகளை ஏறும் பெற்றோரையும் நாம் மனமாரப் போற்றுகிறோம்.

கருவை இழந்த தாய்க்கு நாம் செய்வது என்ன? மறைந்த அவ்வுயிருக்குப் பெயர் இல்லை. பதினாறாம் நாள் கருமக்கிரியையும் இல்லை. வளைகாப்பு வீடுகளில் அவளை ஒதுங்கி நிற்கச் செய்கிறோம். அவள் செய்த வினை என்றும் பேசுகிறோம். தொடக்க மாதங்களில் கரு கலைவதற்குப் பெரும்பாலும் கருவின் குரோமோசோம் குறைபாடே காரணம், தாயின் குற்றமன்று என்பது மருத்துவம் கூறும் உண்மை.

சமயமும் அவளைப் பழிக்கவில்லை. முனிவரின் சாபத்தால் வேதிகையின் கரு கலைந்தபோது, அம்பிகை அக்கருவைக் குடத்திலிட்டுக் காத்தாள் என்பது திருக்கருகாவூர்த் தலபுராணம். கர்ப்பரட்சாம்பிகை என்னும் திருநாமம் அத்துயரின் நடுவே எழுந்ததாகும்.

ஆகவே, ஆலய நிர்வாகத்தினர் இவ்வாடிப்பூரத்தில் கருவை இழந்த தாய்மாருக்காகவும் ஓர் அர்ச்சனை செய்விக்க முன்வர வேண்டும். வளையல் வழங்கும் தொண்டர்கள், குழந்தை உண்டா என வினவாது வழங்கட்டும். ஈன்றவளும் இழந்தவளும் அன்னையின் சந்நிதியில் ஒரே வரிசையில் நிற்கட்டும்.