குன்னம் பிரகடனம்

பெண்ணுடலைப் பற்றிய அறிவு பெண்ணின் உரிமை. அவ்வுடலின் நலம் சமூகத்தின் பொறுப்பு. இவ்விரு கொள்கைகளின் மீது இவ்வியக்கத்தைப் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் தொடங்குகிறோம். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் இம்மண்ணில் குனிந்து உழைக்கும் தாய்மார் எங்கள் வேர். வேப்பூர் மகளிர் கல்லூரியில் பயிலும் மகள்மார் எங்கள் குரல்.

மௌனத்தின் காலம் முடிந்தது. மாதவிலக்கான பெண்ணை விலக்கி வைத்த வழக்கம் எவரையும் காக்கவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வீசிய இரவில், பட்டுக்கோட்டை அருகே அணைக்காட்டில், பூப்பெய்தியதற்காகத் தனிக் குடிசையில் உறங்க வைக்கப்பட்ட சிறுமி தென்னை சாய்ந்து மாண்டாள். வீடு இருந்தது, அவளுக்கு அதில் இடம் இல்லை. மறு ஆண்டே, தமிழகத்தின் ஆடைத் தொழிற்கூடங்களில் மாதவிலக்கு வலிக்குப் பெயர் அச்சிடாத மாத்திரைகள் கொடுக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. ஊர் ஒதுக்கியது, உற்பத்தி விழுங்கச் சொன்னது. இரண்டும் பெண்ணிடம் எதையும் கேட்கவில்லை.

நாங்கள் கேட்பவர்கள். நாள் தள்ளிப்போவதும், முகத்தில் முடி அடர்வதும், கழுத்து கறுப்பதும் ஒழுக்கத்தின் குறியீடுகள் ஆகா. அவை இன்சுலின், ஆண்ட்ரோஜன் ஆகிய ஹார்மோன்கள் தடம் மாறியதன் அறிகுறிகளாக இருக்கலாம். ஸ்டெயின், லெவன்தால் என்னும் மருத்துவர்கள் 1935இல் விவரித்த சினைப்பை நீர்க்கட்டி நோய் அது. பாதிக்கப்பட்ட பெண்களில் 70 விழுக்காட்டினர் வரை இன்னும் அதை அறியாதிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒல்லியான பெண்ணுக்கும் அது வரும். கவனியாது விட்டால் சர்க்கரை நோய்க்கும் வழி திறக்கும். ஆயினும் அவசரத் தீர்ப்பையும் மறுக்கிறோம். பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் நிறையாத பெண்ணுக்கு இந்நோய் உண்டென்று ஸ்கேன் கொண்டு முடிவு செய்யலாகாது என்று இந்நோய்க்கான 2018இன் சர்வதேச வழிகாட்டுதல் உரைத்தது. அச்சத்தை விற்கும் வணிகத்துக்கு எங்கள் மகள்களை ஒப்படைக்க மாட்டோம்.

"கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்னும் வைத்தியத்தை முற்றாக நிராகரிக்கிறோம். திருமணம் மருந்தன்று, மகப்பேறு சிகிச்சையன்று. பெண் பார்க்க வருவோரிடம் மறைக்கவேண்டிய குறை எதுவும் எங்களிடம் இல்லை.

அரசிடம் எங்கள் கோரிக்கை தெளிவானது. 2011இல் அறிவிக்கப்பட்ட 'புது யுகம்' திட்டம் கிராமத்து மாணவியின் கையில் நாப்கினைச் சேர்த்தது, அதை மதிக்கிறோம். ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். ஆகவே அடுத்த கடமை நோயறிதல். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரைச் சோதனைகளும், கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் அறையும், செவிகொடுக்க ஒரு பெண் மருத்துவரும் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வேண்டும்.

பெற்றோரே, பூப்பெய்தி ஓராண்டு கடந்த மகளுக்குத் தொண்ணூறு நாளாகியும் மாதவிலக்கு வரவில்லையெனில் சோதிடத்துக்குக் காத்திராதீர். மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். தந்தையரும் உடன் வாருங்கள்.