ஒற்றியை ‘இலீசு’ என்பதா?

வீட்டைப் பிறர்க்கு விடுதலை ஆங்கிலர் ‘இலெட்’ என்பர். திங்கள்தோறும் பணங்கொடுத்துக் குடியிருத்தலை ‘இரெண்ட்’ என்பர். காலவரையிட்டு ஆவணவழி விடுதலை ‘இலீசு’ என்பர். இந்நுண்மை தமிழுக்கு உண்டோ என வினவுவார் நம்மிடையே உளர்.

ஏன் இல்லை? குடியிருக்கும் வீட்டிற்குக் கொடுப்பது குடிக்கூலி. விளைவிற் பங்களந்து கொடுப்பது வாரம். விளைவு கூடினும் குறையினும் வரையறுத்த அளவே கொடுப்பது குத்தகை. பெருந்தொகையைக் கொடுத்து, அதற்கு வட்டி வாங்காது வீட்டையோ நிலத்தையோ நுகர்ந்து, தொகை மீண்டதும் விட்டு நீங்குவது ஒற்றி. சிற்றூர் மக்கள் வாயில் அது ‘ஒத்தி’யாக இன்றும் வாழ்கின்றது.

சென்னையிலோ இவ்வொற்றிக்கு ‘இலீசு’ எனப் பலகை தொங்குகின்றது! ஆங்கிலர் இலீசில் குடிக்கூலி உண்டு, இதில் இல்லை. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமும் ஒற்றியை அடைமான வகையுள் வைத்து 58ஆம் பிரிவிலும், இலீசை 105ஆம் பிரிவிலும் வேறுவேறாகவே கூறுகின்றது.

இது வெறுஞ்சொற் பூசலன்று. வாழ்நாள் ஈட்டத்தை வீட்டுக்காரர் கையில் வைப்பவர், தாம் குடியிருப்பவர் மட்டுமல்லர், கடன் கொடுத்தவருமாவர் என்பதை ‘இலீசு’ மறைக்கின்றது. ஒற்றி என்னுஞ்சொல் உணர்த்துகின்றது. உணர்ந்தவர், வீட்டின்மேல் முன்கடன் உண்டா, ஆவணம் பதிவாயிற்றா எனக் கேட்பர். உணராதவர் தொகையையும் இழந்து தெருவில் நிற்க நேரும்.

ஆதலின் தமிழன்பர்களே, பலகையிலும் ஆவணத்திலும் ஒற்றியை ஒற்றி என்றே எழுதுங்கள். பிறரையும் எழுதச் செய்யுங்கள்.