இழுத்துப் பார்த்த பின் பறக்கட்டும்

ரெடிமேட் ரிமோட் விமானத்தைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் பறக்கவிட மகன் அவசரப்படுவான். சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். பல்சா மர விமானங்களில் இறக்கையிலும் வாலிலும் அசையும் பலகைகளைச் சிறு கீல்களே பிடித்திருக்கின்றன. தொழிற்சாலையில் ஒட்டியதுதானே என்று நம்பிவிடாதீர்கள்; சிலவற்றில் பசை சரியாக ஊறியிருக்காது. ஒவ்வொரு கீலுக்கு அருகிலும் பலகையைப் பிடித்து, நிதானமாக ஆனால் உறுதியாக இழுத்துப் பாருங்கள். துணிபோன்ற கீல் கழன்று வந்தால், அதைத் திரும்பச் செருகி, இருபுறமும் நீர்த்தன்மையான சூப்பர் குளூ சில துளிகள் விட்டு, காய்ந்தபின் மீண்டும் இழுங்கள். அந்தப் பசை விரலையும் கண்ணையும் ஒட்டிவிடும். அவ்வேலையைப் பெரியவர்களே செய்யட்டும். வானில் வால்பலகை கழன்றால் விமானம் கட்டுக்கடங்காது. அப்போது கீழே நிற்பது எந்தத் தாயின் பிள்ளையோ!