தகவல் போனது நம்முது, அபராதம் மட்டும் டெல்லிக்கா?



2024 ஜூலை 31 ஞாபகம் இருக்கா? நாடு முழுக்க சுமார் 300 சிறு வங்கிகளில் பணப் பரிமாற்றம் நின்னுபோச்சு. யு.பி.ஐ. வேலை செய்யல. எல்லாம் கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகள். அவங்களுக்குக் கணினிச் சேவை கொடுக்கிற சி-எட்ஜ் நிறுவனத்துக்குள்ள ரேன்சம்வேர் புகுந்துடுச்சு. சி-எட்ஜ் யாருது? ஸ்டேட் பேங்கும் டி.சி.எஸ்.ஸும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். பாதிப்பு பரவாமல் இருக்க என்.பி.சி.ஐ. இணைப்பையே துண்டித்தது. மறுநாள் சரியானது.

மொத்தப் பரிவர்த்தனையில் அரை சதவீதம்தான் பாதிப்பு என்று அப்போது செய்தி வந்தது. அந்த அரை சதவீதம் யாரு தோழர்களே? பால் பணமும் பயிர்க் கடனும் நூறு நாள் வேலைக் கூலியும் அந்த மாதிரி வங்கியில வாங்குறவங்க. கணக்குல அரை, வயித்துல முழுசு.

எப்படி நடந்தது? கிளவுட்செக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்து சொன்னது: சி-எட்ஜோடு சேர்ந்து வேலை செய்த ப்ரோண்டூ என்ற இன்னொரு நிறுவனத்தில், சரியாக அமைக்கப்படாத ஒரு ஜென்கின்ஸ் சர்வர் வழியாகத்தான் உள்ளே நுழைந்திருக்கிறார்கள். வங்கிக்கு ஒரு கான்ட்ராக்டர், அவருக்கு ஒரு கூட்டாளி. கடைசி ஆள் தாழ்ப்பாள் போடல. 300 வயலுக்கும் ஒரே மடை. மடைத் தண்ணி கெட்டா அடைக்கத்தான் வேணும், அடைச்சா எல்லா வயலும் காயும். நெட்வொர்க்கைத் தனித்தனியா பிரிச்சு வைக்கணும்னு ஐ.டி. பிள்ளைகள் சொல்றது இதைத்தான்.

ஆனா சொன்னா யார் கேக்குறா? பேட்ச் போட சர்வரை இரண்டு மணி நேரம் நிறுத்தணும்னா அனுமதி இல்லை. பழைய ஃபயர்வாலை மாத்தணும்னா பட்ஜெட் இல்லை. திருட்டு நடந்த மறுநாள் மட்டும் எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "நெட்வொர்க் டீம்ல அன்னிக்கு யார் ஷிஃப்ட்?" பட்ஜெட்டை வெட்டினவர் பெயரை யாரும் கேக்குறதில்லை. 2022 ஏப்ரலில் சர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்கணும், 180 நாள் லாக் பத்திரமா வைக்கணும். நல்ல உத்தரவுதான், நாங்க எதிர்க்கல. ஆனா அந்தத் தகவல் போய்ச் சேர்ற சர்ட்-இன்னையே 2023 நவம்பரில் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கிட்டாங்க. எங்க வங்கியில என்ன நடந்துச்சுன்னு இனி அவங்ககிட்ட மனு போட்டுக் கேக்க முடியாது!

இதைவிடப் பெரிய அநியாயம் ஒண்ணு சத்தமில்லாம வருது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு இருக்கு. நிறுவனத்தின் அலட்சியத்தால் உங்க முக்கியமான தகவல் கசிந்து நட்டம் வந்தால், நிறுவனம் உங்களுக்கு இழப்பீடு கொடுக்கணும். 2023-ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இந்த 43ஏ-வையே நீக்குது. பதிலுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம்னு பெருமையா சொல்றாங்க. அந்தக் காசு யாருக்கு? பிரிவு 34-ஐப் படிங்க: இந்தியத் தொகுப்பு நிதிக்கு. தகவலைப் பறிகொடுத்தவருக்கு ஒரு ரூபாய்கூட அதில் கிடையாது. அதோட, நீங்க கொடுத்த புகார் அற்பமானதுன்னு வாரியம் முடிவு பண்ணினா உங்களுக்கே 10,000 ரூபாய் வரை அபராதம்!

2025 நவம்பரில் விதிகளை அறிவிச்சாங்க. நம்ம தகவலைக் காக்குற முக்கியப் பிரிவுகளுக்கு 18 மாசம் அவகாசம். தகவல் உரிமைச் சட்டத்தை வெட்டுற பிரிவுக்கு? உடனடி அமல். யாருக்கு அவசரம்னு இதுலயே தெரியுதே!

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் வாடிக்கையாளர்களின் மருத்துவத் தகவல்கள் 2024-ல் டெலிகிராமில் கிடைத்தன. 3 கோடிப் பேருக்கு மேல் தன் கையில் இருப்பதாக ஹேக்கர் சொன்னான். நாளைக்கு இன்னொரு நிறுவனத்தில் இதே நடந்தா, உங்க அம்மாவோட ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு யார் பதில் சொல்வாங்க?

43ஏ நீக்கமும் அந்த 18 மாசம் முடிஞ்ச பிறகுதான் அமலுக்கு வரும், அதாவது 2027 மே. அதுக்குள்ள சட்டத்தைத் திருத்தி, பாதிக்கப்பட்டவருக்கு நேரடி இழப்பீடு வரணும். சர்ட்-இன் மறுபடியும் தகவல் உரிமைக்குள் வரணும். ஆபத்துன்னு எழுத்துல எச்சரிச்ச ஊழியர் மேல பழி போடக் கூடாதுன்னு சட்டமே சொல்லணும். கூட்டுறவு வங்கிகளில் பாதுகாப்பு வேலைக்குக் கான்ட்ராக்ட் ஆள் வேண்டாம், நிரந்தரப் பணியிடம் வேணும். அதை நம்ம மாநில அரசிடமும்தான் கேக்குறோம்.

ஐ.டி.யில் இருக்கும் தோழர்கள் உங்க டீம் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பகிருங்க. மத்தவங்க, உங்க எம்.பி.யைப் பார்க்கும்போது 43ஏ பத்தி அவர் என்ன நினைக்கிறார்னு நேரா கேளுங்க.

– தகவல் தொழில்நுட்பப் பிரிவு, நல்லம்பள்ளி ஒன்றியம்

#இழப்பீடு_எங்கள்_உரிமை #43ஏ_வேண்டும்