கரடியூர்ப் பிள்ளை பெரிய கல்லூரியில் ஒட்டுமா?

சேலத்தில் பஸ் ஏறினால், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு வந்து சேரலாம். அங்கிருந்து இன்னும் உள்ளே போனால் காபித் தோட்டங்களுக்கு அப்பால் கரடியூர் இருக்கிறது. உல்லாசப் பயணிகள் அங்கே காட்சிமுனையைப் பார்க்க வருகிறார்கள். பள்ளத்தாக்கைப் பார்க்கிறார்கள். போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். திரும்பிப் போய்விடுகிறார்கள். ஊரைப் பார்ப்பவர்கள் குறைவு.

கரடியூரைப் போல சேர்வராயன் மலையில் எத்தனையோ சிற்றூர்கள் உள்ளன. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள் மலையாளிகள் என்ற பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையில் வாழ்வதால் வந்த பெயர் இது. வீட்டில் பேசுவது தமிழ்.

இதே ஏற்காட்டில் 1894-ம் ஆண்டில் தொடங்கிய சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் இருக்கிறது. 1917-ம் ஆண்டில் தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளி இருக்கிறது. வெளியூர்ப் பிள்ளைகள் வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் புகழ்பெற்ற இங்கிலீஷ் பள்ளிகள் இவை. அங்கே படித்த பிள்ளை நாளைக்குச் சென்னையிலோ, டெல்லியிலோ, லண்டனிலோ ஒரு பெரிய கல்லூரியில் சேர்ந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

அதே மலையில், சர்க்கார் பள்ளிக்கூடத்தில், தமிழில் படித்த பிள்ளைக்கு அந்த இடம் கிடைத்தால்?

தாய்க்கு முதலில் சந்தோஷம் வரும். இரவில் தூக்கம் வராது. "அங்கே இவன் ஒட்டுவானா? இவள் ஒட்டுவாளா?" என்று மனம் அடித்துக்கொள்ளும்.

ஏழரை

10 ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்விக்கே இடம் இல்லை. உள்ளே நுழைந்தவர்களே விரல் விட்டு எண்ணும்படி இருந்தார்கள்.

மருத்துவக் கல்லூரியை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் பள்ளி இறுதி வகுப்பு படிக்கும் 100 பேரில் ஏறத்தாழ 40 பேர் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள். ஆனால் 2019-ம் ஆண்டில் நீட் தேர்வு எழுதி சர்க்கார் மருத்துவக் கல்லூரிக்குள் போன சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள் 6 பேர்தான் என்று அரசாங்கமே கணக்குச் சொன்னது. நீட் வருவதற்கு முன்பும் அவர்கள் பங்கு சொற்பம்தான்.

நீதிபதி கலையரசன் தலைமையில் ஒரு குழு போடப்பட்டது. அந்தக் குழு நூற்றுக்கு 10 இடம் கேட்டது. அரசாங்கம் ஏழரை இடம் கொடுத்தது. 2020-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் சட்டசபையில் மசோதா நிறைவேறியது. அக்டோபர் கடைசியில் கவர்னர் ஒப்புதல் கொடுத்தார். அந்த ஆண்டே 300-க்கு மேற்பட்ட சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள் டாக்டர் படிப்பில் சேர்ந்தார்கள். 2021-ம் ஆண்டில் என்ஜினீயரிங், விவசாயம், கால்நடை மருத்துவம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இந்த ஒதுக்கீடு வந்தது. 2022-ம் ஆண்டு ஏப்ரலில் சென்னை ஐகோர்ட்டும் மருத்துவ ஒதுக்கீடு செல்லும் என்று சொல்லிவிட்டது.

ஏழரை என்றால் சனி பிடித்தது என்று பயப்படும் நாடு இது. இந்த ஏழரை மட்டும் பல வீடுகளுக்கு விளக்கேற்றி வைத்தது.

இதில் ஒரு குழப்பம் உண்டு. மலைவாசிகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற மத்திய சர்க்கார் கல்லூரிகளில் பழங்குடியினருக்கு ஒரு ஏழரை உண்டு. அது வேறு, சாதிச் சான்றிதழை வைத்துத் தருவது. தமிழக அரசின் ஏழரை, படித்த பள்ளிக்கூடத்தை வைத்துத் தருவது. 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை சர்க்கார் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பழங்குடியினர் நலத்துறை நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இதில் சேரும். "நம் பிள்ளை நன்றாகப் படிக்கிறான், 9-ம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றுவோம்" என்று கடன் வாங்கி மாற்றினால், அந்த இடம் கை நழுவிப் போகும்.

மலைப் பிள்ளைகள் எட்டாத உயரம் இது என்று இனிச் சொல்ல முடியாது. 2024-ம் ஆண்டில் பச்சைமலையில் சர்க்கார் பழங்குடியினர் பள்ளியில் படித்த ஒரு மாணவி திருச்சி என்.ஐ.டி.யில் சேர்ந்தார். 2025-ம் ஆண்டில் சேலம் மாவட்டத்திலேயே, கல்வராயன் மலையில், அதே மாதிரிப் பள்ளியில் படித்த மாணவிக்குச் சென்னை ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. பச்சைமலையிலும் கல்வராயன் மலையிலும் வாழ்பவர்கள் கரடியூர்க்காரர்களின் இனத்தார்தான்.

ஆகவே, நுழைய முடியுமா என்ற கேள்வி பாதி தீர்ந்துவிட்டது. நுழைந்த பிறகு என்ன ஆகும்?

கம்பளிக்குள் படுக்கத் தெரியாத மேதை

இங்கிலாந்திலும் பெற்றோர்கள் இதே கவலையைப் படுகிறார்கள் என்றால் நம்புவது கஷ்டம். ஆனால் அதுதான் உண்மை.

அங்கே ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்று இரண்டு பழைய பல்கலைக்கழகங்கள் உள்ளன. நம் ஊர்ப் பல்கலைக்கழகம் போன்றவை அல்ல. கேம்பிரிட்ஜில் மட்டும் 31 கல்லூரிகள் இருக்கின்றன. மாணவன் ஏதாவது ஒரு கல்லூரியைச் சேர்ந்தவனாக இருக்க வேண்டும். தூங்குவது, சாப்பிடுவது, ஆசிரியரிடம் நேருக்கு நேர் உட்கார்ந்து பாடம் கேட்பது எல்லாம் பெரும்பாலும் அங்கேதான். கறுப்பு அங்கி அணிந்து விருந்துக்குப் போகும் வழக்கம்கூட இன்னும் பல கல்லூரிகளில் உண்டு. ஒரு குடும்பம் மாதிரி. குடும்பத்தில் ஒட்டாதவனுக்கு அது நரகம்.

அந்த நாட்டில் 100 பிள்ளைகளில் 93 பேர் சர்க்கார் பள்ளியில் படிக்கிறார்கள். ஆனால் அண்மை ஆண்டுகளில் ஆக்ஸ்போர்டு சேர்த்துக்கொண்ட பிரிட்டிஷ் மாணவர்களில் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள் மூன்றில் இரண்டு பங்குதான். பணக்காரப் பள்ளிப் பிள்ளைகள் மிச்ச இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். "நம் பிள்ளையின் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்களோ?" என்று அங்கே உள்ள தாயும் பயப்படுகிறாள்.

அப்படிப்பட்ட ஒரு கல்லூரிக்குள் 1914-ம் ஆண்டில் ஒரு தமிழர் போய்ச் சேர்ந்தார். அவர்தான் கணித மேதை ராமானுஜன்.

கும்பகோணத்துப் பிள்ளை. தந்தை ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். கப்பல் ஏறுவதற்கு முன்பு ராமானுஜன் குடுமியை எடுத்தார். கால்சட்டை, கோட்டு, பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டார். வெளித் தோற்றம் ஒட்டிவிட்டது. கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியில் இடமும் கிடைத்தது. ஆனால் அவர் சைவம். கல்லூரிச் சாப்பாடு பிடிபடவில்லை. அறையிலேயே தானே சமைத்துக்கொண்டார்.

அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்த வங்காள மாணவர் மகலனோபிஸ் ஒரு நாள் அவரைப் பார்க்கப் போனார். பிற்காலத்தில் இந்தியாவின் புகழ்பெற்ற புள்ளிவிவர நிபுணர் ஆனவர் இவர்தான். ராத்திரியில் குளிர் தாங்க முடியவில்லை என்றும், மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைப் போர்த்தியபடி தூங்குவதாகவும் ராமானுஜன் சொன்னார். கம்பளி போதவில்லையோ என்று மகலனோபிஸ் படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் நிறைய இருந்தன! அவற்றை மெத்தைக்கு அடியில் இழுத்துச் செருகி, மேலே ஒரு விரிப்பும் போட்டு வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர்களின் வழக்கம் அது. விரிப்பை விலக்கி, கம்பளிக்குள் நுழைந்து படுக்க வேண்டும். அது ராமானுஜனுக்குத் தெரியாது. அவர் எல்லாவற்றுக்கும் மேலே படுத்து நடுங்கிக்கொண்டிருந்தார். மகலனோபிஸ் விரிப்பை விலக்கிக் காட்டினார்.

எண்களின் ரகசியங்களை எல்லாம் தெரிந்தவருக்குக் கம்பளிக்குள் நுழையத் தெரியவில்லை. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அவர் ஊரில் கட்டில் அப்படிப் போடுவதில்லை. சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வந்ததும் விஷயம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. சாப்பாட்டு விஷயத்துக்கு அப்படி ஓர் ஆள் வரவில்லை. முதல் உலக யுத்தம் வேறு வந்துவிட்டது. காய்கறி கிடைப்பது கஷ்டம். 1917-ம் ஆண்டில் படுத்த படுக்கையானார். 1918-ம் ஆண்டில் ராயல் சொசைட்டியும் டிரினிட்டி கல்லூரியும் அவரை உறுப்பினராக்கி மரியாதை செய்தன. 1920-ம் ஆண்டில், 32 வயதில், சென்னையில் இறந்துபோனார்.

தெரிந்த பாடம், தெரியாத சொல்

சேர்வராயன் மலையில் இருந்து சென்னைக்குப் போகும் பிள்ளைக்குக் கம்பளிப் பிரச்சினை இல்லை. அவனுக்கு வேறு பிரச்சினை இருக்கிறது.

ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று அவனைக் கேளுங்கள். இலை, சூரிய ஒளி, கரியமில வாயு என்று மளமளவென்று சொல்வான். கல்லூரியில் பேராசிரியர் "போட்டோசிந்தசிஸ்" என்பார். பிள்ளை விழிப்பான். கணையம் தெரியும், "பாங்கிரியாஸ்" தெரியாது. பக்கத்தில் இருக்கும் இங்கிலீஷ் பள்ளிப் பையன் சட்டென்று கை தூக்குவான். இவன் தலை குனிவான். பாடம் தெரியாதவன் என்று எல்லோரும் நினைப்பார்கள். கொஞ்ச நாளில் அவனே அப்படி நினைக்க ஆரம்பித்துவிடுவான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

முதல் பரீட்சையில் இப்படிப்பட்ட பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்தால் அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஒரே சமயத்தில் அவன் இரண்டு பாடம் படிக்கிறான். ஒன்று பாடம். மற்றொன்று பாஷை.

இஸ்ரோவின் தலைவராக 2018-ம் ஆண்டு முதல் 2022-ம் ஆண்டு வரை இருந்தவர் சிவன். குமரி மாவட்டம் சரக்கல்விளையில் விவசாயி வீட்டில் பிறந்து, சர்க்கார் பள்ளியில் தமிழில் படித்தவர். நாகர்கோவில் கல்லூரிக்கு வேட்டி கட்டிக்கொண்டு போனார். கால்சட்டை போட்டதே சென்னை எம்.ஐ.டி.யில் சேர்ந்த பிறகுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1980-ம் ஆண்டில் அங்கே விமான என்ஜினீயரிங் முடித்தார். பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகம். கடைசியில் ராக்கெட்! சந்திரயான்-1 திட்டத்தை நடத்திய மயில்சாமி அண்ணாதுரையும் பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியில் தமிழில் படித்தவர்தான்.

ஆனால் "சிவன் சாதிக்கவில்லையா, நீயும் சாதிக்க வேண்டியதுதானே?" என்று 17 வயதுப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுக் கல்லூரி கையைக் கழுவிக்கொள்ளக் கூடாது. நீந்தத் தெரிந்தவன் ஒருவன் கரை ஏறினான் என்பதற்காக, எல்லோரையும் ஆற்றில் தள்ளிவிடலாமா? முதல் 3 மாதம் சாயங்காலத்தில் இங்கிலீஷ் சொற்களைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும். அதே மாதிரி ஊரில் இருந்து வந்து, அடுத்த வகுப்பில் படிக்கும் ஓர் அண்ணனோ அக்காவோ கூட இருக்க வேண்டும். இதற்குக் கோடி ரூபாய் தேவையில்லை.

17,500 ரூபாய்

இனி, பணம். ஏழரை ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைகளின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசாங்கமே ஏற்கும் என்று 2021-ம் ஆண்டு செப்டம்பரில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். சர்க்கார் பள்ளியில் படித்து ஐ.ஐ.டி. போன்ற இடங்களுக்குப் போகும் பிள்ளைகளின் செலவை ஏற்கும் அறிவிப்பு 2022-ம் ஆண்டில் வந்தது. சர்க்கார் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் அதே ஆண்டில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-ம் ஆண்டில் வந்தது.

நல்ல திட்டங்கள்தான். ஆனால் பணம் எவ்வளவு என்பதைப் போலவே, எப்போது கைக்கு வரும் என்பதும் முக்கியம்.

2024-ம் ஆண்டில் உத்தரப்பிரதேசத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் மகனுக்குத் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய் கட்ட வேண்டும். ஊரார் கொடுத்துப் பணம் சேர்ந்தபோது மணி 4.45. அதற்குள் கட்டி முடிக்க இயலவில்லை. இடம் போயிற்று. கோர்ட்டு கோர்ட்டாக அலைந்து, செப்டம்பர் 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்ட பிறகுதான் இடம் திரும்பக் கிடைத்தது. எல்லோராலும் சுப்ரீம் கோர்ட்டு வரை போக முடியுமா?

அரசாங்கம் கட்டணம் கட்டினாலும் வெள்ளைக் கோட்டு, புத்தகம், ஊருக்கு வந்துபோகும் பஸ் செலவு எல்லாம் வீட்டின் தலையில்தான் விழும். முதல் மாதச் செலவைக் கையில் கொடுத்து அனுப்ப முடியாத வீட்டுப் பிள்ளை, கூடப் படிப்பவர்கள் கேண்டீனுக்குக் கூப்பிட்டால் "பசிக்கவில்லை" என்று சொல்லும். மற்றவர்கள் அதைத் திமிர் என்று நினைப்பார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் மலைப் பிள்ளை நகரத்துப் பிள்ளையைவிடக் கெட்டிக்காரன். உண்டு உறைவிடப் பள்ளியில் சிறு வயதிலேயே விடுதி வாழ்க்கை பழகிவிடுகிறது. தன் துணியைத் தானே துவைக்கும். தட்டோடு வரிசையில் நிற்கும். பத்துப் பேரோடு ஓர் அறையில் தூங்கும். அம்மா ஊட்டிவிட்டு வளர்ந்த பட்டணத்துப் பிள்ளை விடுதியில் முதல் வாரம் அழும்போது, இது அதற்கு ஆறுதல் சொல்லும். கல்லூரிகள் இதைக் கவனிப்பதில்லை. இங்கிலீஷைத்தான் கவனிக்கின்றன.

கரடியூர்ப் பெற்றோர்கள் இன்றைக்கே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. மற்ற வகுப்பாருக்குச் சாதிச் சான்றிதழைத் தாசில்தார் அலுவலகத்திலேயே கொடுத்துவிடுகிறார்கள். பழங்குடியினருக்கு ஆர்.டி.ஓ. கொடுக்க வேண்டும். விசாரணை உண்டு, நாளாகும். வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், 6-ம் வகுப்பு முதல் எந்தப் பள்ளியில் படித்தது என்பதற்குத் தலைமை ஆசிரியர் தரும் சான்று, பிள்ளை பெயரில் ஒரு வங்கிக் கணக்கு ஆகியவையும் வேண்டும். தேர்வு முடிவு வந்த பிறகு மலையை விட்டு இறங்கி அலைந்தால், கலந்தாய்வுத் தேதி காத்திருக்காது. பிள்ளை 11-ம் வகுப்பில் காலெடுத்து வைக்கும் ஜூன் மாதத்திலேயே மனுக் கொடுத்துவிட வேண்டும்.