மரக்காணம் உப்பளக் கரைக்குத் தரைவழி டிஜிட்டல் தொலைக்காட்சி: கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
உப்பளக் கரையோர ஊர்களின் நேயர் சங்கம்,
மரக்காணம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்
தலைமைச் செயல் அலுவலர், பிரசார் பாரதி, புது தில்லி.
மாவட்ட ஆட்சியர், விழுப்புரம்.

நகல்
தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், புது தில்லி.
தூர்தர்ஷன் நிலையம், புதுச்சேரி.

பொருள்: புதுச்சேரியிலிருந்து தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பைத் தொடங்கி, அதை மரக்காணம் உப்பளக் கரை முழுவதும் கிடைக்கச் செய்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

புதுச்சேரியில் தரைவழி டிஜிட்டல் டிரான்ஸ்மிட்டர் ஒன்று இயங்க வேண்டும். மரக்காணம், கூனிமேடு, அனுமந்தை, எக்கியார்குப்பம், கந்தாடு ஆகிய ஊர்களில் சாதாரணக் கூரை ஆன்டெனாவில் அதன் ஒளிபரப்பு கிடைக்கும்படி அதன் திறனும் திசையும் அமைய வேண்டும். எங்கள் கோரிக்கை இதுதான். கீழே வருபவை இதற்கான காரணங்களும் இதை ஒட்டிய சில வேண்டுகோள்களும்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. எங்கள் ஊர்களில் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றிரண்டு வீடுகளில் வந்த காலத்தில், இரும்புக் குழாயின் உச்சியில் மீன்முள் ஆன்டெனாவைக் கட்டி, பூஸ்டர் பொருத்தி, ஒருவர் கூரை மேல் நின்று குழாயைத் திருப்ப, இன்னொருவர் கீழே இருந்து "வந்துடுச்சு, விடு" என்று கத்துவார். படம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், ஆனாலும் தெரியும். கடல் அமைதியாகவும் காற்று வெப்பமாகவும் இருக்கும் நாட்களில் 1982-இல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினிகூட இந்தக் கரையில் எட்டிப் பார்த்தது உண்டு. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கக் கூடிய கூட்டத்தை இப்போது ஐம்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பழைய நாட்களின் ஏக்கத்தில் இதை எழுதவில்லை. தரைவழி அலை இந்த மண்ணை எட்டும் என்பதற்கு அந்தக் குழாய்களே சாட்சி என்பதால் எழுதுகிறோம்.

அந்த ஒளிபரப்பு இப்போது இல்லை. எல்லையோரம் போன்ற முக்கிய இடங்களில் சுமார் 50 அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவை அனைத்தையும் 2022 மார்ச் 31-க்குள் நிறுத்துவதாகப் பிரசார் பாரதி அறிவித்தது. காலாவதியான தொழில்நுட்பத்தை நிறுத்துவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. நிறுத்தியதன் இடத்தில் எதை வைப்பது என்ற கேள்விக்குத்தான் விடை வரவில்லை. 2016 பிப்ரவரியில் 16 நகரங்களில் டி.வி.பி-டி2 (சுருக்கமாக டி2) முறையில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்கியபோது, தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்றது சென்னை மட்டுமே. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017 ஜனவரியில் அளித்த பரிந்துரையில், பெருநகரங்கள் முதலிலும் மற்ற பகுதிகள் படிப்படியாகவும் என்று வகுத்து, நாடு முழுவதும் 2023 டிசம்பருக்குள் டிஜிட்டலுக்கு மாற வேண்டும் என்று சொன்னது. அந்த டிசம்பர் வந்து போய்விட்டது.

இனி எங்கள் பிழைப்பைப் பற்றி. தை, மாசியில் பாத்தி திருத்தி, ஆவணி, புரட்டாசி வரை உப்பு வாரும் கரை இது. நடுவில் ஒரு கோடை மழை அடித்தால் பாத்தியில் விளைந்து நிற்கும் உப்பு ஒரே இரவில் கரைந்துவிடும். மறுபடியும் நீரேற்றி, காயவைத்து, உப்பு கட்டும்வரை கூலி இல்லை. வாரிப் போட்ட அம்பாரத்தை மூடிவைக்கவாவது முதல் நாள் மாலையே சேதி தெரிய வேண்டும். கடலுக்குப் போகும் எங்கள் சகோதரர்களுக்கோ அந்தச் சேதி உயிர் சம்பந்தப்பட்டது. மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தை மாநில அரசு கொண்டுவந்தது எங்களுக்குப் பெரிய ஆறுதல். வேலையில்லாத அதே மாதங்களில்தான் புயலும் வருகிறது.

புயல் எங்கள் கரைக்குப் புதிது அல்ல. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் வந்தது. 2020 நவம்பர் 25 நள்ளிரவில் நிவர் கரையைக் கடந்தது மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே, எங்கள் தலைக்கு மேல்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புதுச்சேரி அருகே கரையேறியது. கரையேறிய பிறகும் அது நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. எங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. புயல் கடந்துவிட்டது என்று எண்ணி வீடு திரும்பலாமா, அல்லது புயல் பாதுகாப்பு மையத்திலேயே இருக்கலாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டிய அந்த இரவில், எங்கள் ஊர்களில் மின்சாரம் இல்லை, கேபிள் இல்லை, கைப்பேசிச் சிக்னல் வந்து வந்து போனது. நிற்கும் புயலைப் பற்றிய செய்தி மணிக்கு மணி மாறும். மாலையில் கேட்டதை வைத்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்க முடியாது.

இதற்கு "டி.டி. ஃப்ரீ டிஷ் இருக்கிறதே" என்று ஒரு பதில் வரும். மாதக் கட்டணம் இல்லாத அந்தச் சேவையை மதிக்கிறோம். எங்களில் பல குடும்பங்கள் நல்ல நாட்களில் அதைத்தான் பார்க்கின்றன. ஆனால் அது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து கே.யு. அலைவரிசையில், பத்து கிகாஹெர்ட்ஸுக்கும் மேலான அதிர்வெண்ணில் வருகிறது. கனமழை அந்த அலையை விழுங்கிவிடும். டிஷ் சில டிகிரி திரும்பினாலே படம் போய்விடும். நிவர் வீசிய வேகத்துக்குக் கூரை மேல் எந்த டிஷ் அசையாமல் இருக்கும்? உப்புக் காற்றில் திருகாணிகள் துருப்பிடித்து இற்றுப்போவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தரைவழித் தொலைக்காட்சிக்குப் பயன்படும் 470 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளுக்கு மழை ஒரு பொருட்டே அல்ல. செய்தி அதிகம் தேவைப்படும் நேரத்தில் நின்றுவிடும் வழியையும், அதே நேரத்தில் நிற்காத வழியையும் தட்டில் வைத்தால் எதை எடுக்க வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை.

"மின்சாரமே இல்லாதபோது தொலைக்காட்சி எதற்கு" என்பது நியாயமான கேள்வி. எங்கள் கூட்டத்திலேயே இதை எழுப்பினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் என்று நாங்கள் கேட்கவில்லை. புயல் பாதுகாப்பு மையங்களிலும், மக்களைத் தங்கவைக்கும் பள்ளிகளிலும், மீன் இறங்குதளங்களிலும் சூரிய ஒளி மின்கலத்தில் ஓடும் 12 வோல்ட் பெட்டியும், ஒரு டி2 ரிசீவரும், கூரையில் நன்கு இறுக்கிய ஓர் ஆன்டெனாவும் இருந்தால் போதும். ஓர் இடத்தில் நூறு பேர் பார்ப்பார்கள். இந்தக் கருவிகளை வாங்கிப் பொருத்தி, ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் சோதித்துப் பார்க்கும் பொறுப்பை மாவட்ட நிர்வாகம் ஏற்க வேண்டும். மையத்து அலமாரியில் பூட்டிவைத்த பெட்டி புயல் அன்று வேலை செய்யாது என்பது அனுபவம்.

தொழில்நுட்பம் பற்றி ஒரு சொல். சென்னைக் கோபுரம் எங்களுக்கு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஒளிபரப்பு ஆன்டெனாவை 150 மீட்டர் உயரத்திலும் வீட்டு ஆன்டெனாவை 10 மீட்டர் உயரத்திலும் வைத்துக் கணக்கிட்டாலும் ரேடியோ அடிவானம் சுமார் 63 கிலோமீட்டரோடு நின்றுவிடும். அனலாக்கில் இந்த எல்லைக்கு வெளியேயும் புள்ளிகளோடு பார்த்துச் சமாளித்தோம். டிஜிட்டலில் அந்தச் சலுகை இல்லை: வந்தால் முழுப் படம், இல்லையென்றால் வெற்றுத் திரை. ஆகவே சென்னையை நம்பி எங்களை விட்டுவிடக் கூடாது. புதுச்சேரியோ சாலை வழியில் சுமார் 35 கிலோமீட்டர்தான். அங்கே 100 மீட்டர் உயரமும் இங்கே 5 மீட்டர் உயரமும் இருந்தாலே அடிவானம் சுமார் 50 கிலோமீட்டர். நடுவே மலை இல்லை, குன்று இல்லை. உப்பளமும் கழுவேலி ஏரியும் கடலுமாகத் தட்டையாக விரிந்து கிடக்கும் நிலம். தண்ணீர்ப் பரப்பில் பட்டு எதிரொளித்து வரும் அலைகளையும் டி2 முறை தாங்கிக்கொள்ளும்.

வரைபடத்தில் காம்பஸ் வைத்து ஒரு வட்டம் போட்டு "மரக்காணம் உள்ளே வருகிறது" என்று முடித்துவிட வேண்டாம். அளவுக் கருவியோடு அலுவலர்கள் நேரில் வந்து குப்பம் குப்பமாகச் சிக்னலை அளந்து பார்க்க வேண்டும். எங்காவது நிழல் விழுந்தால், அதே அலைவரிசையில் இயங்கும் சிறு ரிலே ஒன்றை ஏற்கெனவே நிற்கும் ஓர் அரசுக் கட்டடத்தின் மீதோ கைப்பேசிக் கோபுரத்தின் மீதோ வைக்கலாம். கழுவேலிக்குள் புதிய கோபுரம் எழுப்ப வேண்டாம் என்பதையும் இங்கேயே பதிவு செய்கிறோம். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. பூநாரைகள் இறங்கும் நீரில் எங்களுக்காக இரும்பு நட வேண்டிய தேவை இல்லை.

இன்னொரு வேண்டுகோள். டி2 முறையில் ஒரே அலைவரிசைக்குள் தனித்தனிப் பாதைகளை வகுத்து, ஒன்றுக்கு அதிகத் தாங்கும் சக்தியும் மற்றொன்றுக்கு அதிகத் துல்லியமும் கொடுக்க முடியும். தாங்கும் சக்தி மிக்க பாதையில் டி.டி. தமிழையும் வானொலியையும் வையுங்கள். விளையாட்டுச் சேனலின் படம் துல்லியமாகத் தெரியாவிட்டால் யாரும் சாக மாட்டார்கள். புயல் நாட்களில் இந்தக் கரைக்கான எச்சரிக்கை, கடற்கரை ஊர்களின் பெயர் சொல்லி, திரையின் அடியில் தமிழில் ஓட வேண்டும். "வட தமிழகக் கடலோர மாவட்டங்களில்" என்று பொதுவாகப் படிக்கும் அறிக்கையில் யார் பெயரும் இல்லை. ஜப்பானில் தரைவழி ஒளிபரப்பின் வழியாகவே அவசர எச்சரிக்கை சிக்னல் அனுப்பி, அணைந்திருக்கும் பெட்டியையும் விழிக்கச் செய்யும் ஏற்பாடு உண்டு. அந்த ஜப்பானிய முறையைத்தான் இலங்கை 2014-இல் தேர்ந்தெடுத்தது. நம் நாட்டு முறை வேறு என்றாலும் அந்தப் பயன் நமக்கும் வேண்டியதே.

பெட்டிகளைப் பொறுத்தவரை, ஒளிபரப்புக் கட்டமைப்பை மேம்படுத்த 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற பைண்ட் திட்டத்துக்கு 2,539.61 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. தொலைதூர, பழங்குடி, எல்லைப் பகுதிகளுக்கு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஃப்ரீ டிஷ் பெட்டிகளை இலவசமாக வழங்குவதும் அதில் அடக்கம். இதுபோன்ற திட்டங்களில் புயல் அடிக்கும் கடற்கரையையும் ஒரு வகையாகச் சேர்த்து, டி2 ரிசீவர்களை வழங்க வேண்டும். செயற்கைக்கோள் ட்யூனரை உள்ளேயே கொண்ட தொலைக்காட்சிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் தரம் வகுத்துவிட்டது. தரைவழி ட்யூனரும் கட்டாயமானால் தனிப் பெட்டியே தேவைப்படாது.

கைப்பேசிக்கு நேரடி ஒளிபரப்பு என்ற புதிய முறையைப் பெங்களூரிலும் தில்லியிலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அது வரும்வரை பொறுங்கள் என்று சொல்லிவிடாதீர்கள். அதற்கும் கோபுரமும் டிரான்ஸ்மிட்டரும் மின்சார ஏற்பாடும் வேண்டும். எங்கள் கைகளில் இருக்கும் கைப்பேசிகளில் அதற்கான சில்லும் இல்லை. இன்று புதுச்சேரியில் செய்யும் ஏற்பாடு நாளை எந்த முறை வந்தாலும் வீணாகாது.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை நிறுத்துவதால் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று அப்போது சொல்லப்பட்டது. அந்த மிச்சத்தில் எங்களுடைய பங்கும் இருக்கிறது. டிரான்ஸ்மிட்டர் புதுச்சேரியில், பயனாளிகள் தமிழ்நாட்டில் என்பதால் கோப்பு இரு நிர்வாகங்களுக்கு நடுவே நின்றுவிடக் கூடாது. அலைக்கு மாநில எல்லை தெரியாது. இரண்டு பக்கமும் பேசி முடிக்க ஒரு பொறுப்பு அலுவலரை மாவட்ட ஆட்சியர் நியமிக்க வேண்டும்.

வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் சிக்னல் அளவீட்டை முடித்து, அதன் முடிவை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அளவீட்டுக்கு வருவோருக்கு வழிகாட்டவும், குப்பங்களில் கூரை ஏறவும், ஆன்டெனா பிடிக்கவும் எங்கள் உறுப்பினர்கள் தயாராக இருக்கிறார்கள். வரும் தேதியை ஒரு வாரம் முன்னதாகச் சொன்னால் போதும். உப்பு வாரும் நாளாக இருந்தால் காலை பத்து மணிக்கு மேல் வரவும், அதற்குள் வேலை முடிந்துவிடும்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் உறுப்பினர்களின் கையொப்பங்கள் இணைப்பில்.

இடம்: மரக்காணம்